ஸ்விட்ச் சொன்னால் வீடு கேட்க வேண்டும்: தானியங்கி வேலைகள் செய்த குறிப்புகள்

வீட்டில் தானியங்கி வேலைகளைத் தொடங்கும்போது எந்த சென்சார் வாங்கலாம், எந்த பல்பு நல்லது என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் உங்களுக்குத் தொந்தரவாக இருப்பது எது, நீங்களே செய்ய விரும்புவது எது, இரண்டையும் சொல்லுங்கள் என்றேன். அம்மாவுக்கு ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது நடைவழி இருட்டாக இருக்கிறது, லைட்டைப் போட்டாலோ கண் கூசி, திரும்பி வந்து படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. மனைவி வேலை செய்யும் அறையில் மத்தியானத்துக்கு மேல் ஒரே புழுக்கம், தலை கனக்கிறது. மகளுக்கு எதற்கெடுத்தாலும் போனில் வரும் சத்தம் ஆகவில்லை. அப்பா மட்டும், "நீ எதை வேணா பண்ணு, காலையில திரைச்சீலையை நான்தான் திறப்பேன், அதுல கை வைக்காதே" என்றார்.

அந்த நோட்டில் இருந்ததை வைத்துத்தான் எல்லா வேலையும் நடந்தது. விதி என்று ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொண்டேன்: வீடு தானாக எதைச் செய்தாலும் அதை யாராக இருந்தாலும் யோசிக்காமல் கையை நீட்டி நிறுத்த முடிய வேண்டும், நிறுத்திய பிறகு வீடு மறுபடி தன் இஷ்டத்துக்கு அதைப் போடக் கூடாது. செயலியைத் திறந்து மெனுவுக்குள் போய் அணைப்பது நிறுத்துவது ஆகாது. எழுபது வயது ஆளும் வீட்டுக்கு வந்த விருந்தாளியும் பார்த்த உடனே நிறுத்தத் தெரிந்தால்தான் அது நிறுத்தம். கீழே வரும் முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவை.

மூளைப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி (இனி வெறும் 'பை'), அதில் வீட்டுக் கருவிகளை இணைத்து நடத்தும் ஹோம் அசிஸ்டென்ட். 2013-இல் தொடங்கிய திறமூல மென்பொருள் அது, எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஓடும், இணையம் போனாலும் விளக்கு எரியும். தரவுத்தளத்தில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால் மெமரி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் எஸ்எஸ்டி என்ற டிஸ்க்கில் போட்டேன். சென்சார்களில் பாதி ஜிக்பீ என்ற குறைந்த மின்சார ரேடியோவில் பேசுபவை, பாதி ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகைகளில் மாட்டியவை. ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை, ஆகவே வைஃபையை சேனல் 1-இல் நிறுத்திவிட்டு ஜிக்பீயை 25-க்குத் தள்ளினேன். இன்னொன்று, யூஎஸ்பி 3 வழியாக ஓடும் டிஸ்க் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். ஜிக்பீ சிக்னலைப் பிடிக்கும் யூஎஸ்பி குச்சியை (டாங்கிள்) அதன் பக்கத்திலேயே செருகினால் தூரத்து சென்சார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, யூஎஸ்பி 2 துளையில் செருகி, ஒரு கை தூரம் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது.

கடிகார விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பை 4-இல் சொந்தக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்து, அந்த நேரம் இணையமும் இல்லையென்றால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ராத்திரி 2 மணியைச் சாயங்காலம் 7 என்று நினைத்துக்கொண்டு நடைவழி விளக்கை முழு வெளிச்சத்தில் போட்டால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சில்லை, காசு பேட்டரியோடு, அதில் மாட்டிவிட்டேன். வேலை மிகச் சின்னது, அதை நம்பித்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

இனி அந்த நடைவழி. இந்த வீட்டில் நான் அதிக நேரம் செலவழித்த இடம் இதுதான்.

வழக்கமாக எல்லாரும் மாட்டுவது பிஐஆர் சென்சார். அது வெப்பம் நகர்வதைத்தான் பார்க்கும். வயதானவர் நடுவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினால் அதன் கணக்கில் அங்கே ஆளே இல்லை, விளக்கு அணைந்துவிடும். அவருக்கு வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நொடி அதுதானே. அதனால் எல்டி2410 என்ற சின்ன ராடார் சென்சாரைச் சேர்த்தேன். 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் படிக்கும், அசையாமல் நிற்பவரின் மூச்சசைவு கூட அதற்குப் போதும். ஆனால் அந்த அளவு கூர்மையே அதில் பிரச்சினையும். அலை பலகைக் கதவையும் மெல்லிய தடுப்பையும் தாண்டிப் போகும். ஹாலில் சுற்றும் ஃபேனையும் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று எடுத்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும்.

இதற்கு வழி அந்த சென்சாருக்குள்ளேயே இருக்கிறது. அது தூரத்தை 0.75 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. இன்ஜினியரிங் மோடைப் போட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று எண்ணாகக் காட்டும், அசைவுக்குத் தனி, நிற்பதற்குத் தனி. நடைவழியைக் காலியாக விட்டு, ஹால் ஃபேனை ஓடவிட்டு, எண்களைப் பார்த்தேன். கடைசிக் கட்டங்களில் மட்டும் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நடைவழி முடியும் இடத்தோடு எல்லையை வெட்டிவிட்டேன். அப்புறம் அம்மாவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, அந்தக் கட்டத்தில் நிற்பதற்கான வரம்பை அவர் மூச்சு பிடிபடும் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.

கூடவே பிஐஆரையும் விட்டுவைத்தேன். விளக்கைப் போடுவது பிஐஆரின் வேலை, போட்ட விளக்கைப் பிடித்துவைப்பது ராடாரின் வேலை. பிஐஆர் சுவரைத் தாண்டிப் பார்க்காது, ஆகவே பொய்யாக எரியாது. ராடார் நிற்பவரை விட்டுவிடாது, ஆகவே பாதியில் அணையாது. இரண்டும் ஆள் இல்லை என்று சொல்லி அரை நிமிடம் ஆன பிறகு வெளிச்சம் சட்டென்று போகாமல் மெதுவாக இறங்கும். ஒன்றை மட்டும் வைத்து வருடக்கணக்கில் வரம்புகளைத் திருகிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று அடித்துச் சொல்வேன்.

வெளிச்சம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி, இங்கே கொஞ்சம் உடலைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பார்ப்பதற்கான செல்கள் போக, நேரம் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் வேறொரு வகைச் செல் விழித்திரையில் இருக்கிறது. அது தானாகவே ஒளியை உணரும் என்பது 2002-இல்தான் உறுதியானது. நீலத்தை ஒட்டிய 480 நானோமீட்டர் அளவில்தான் அது மிகவும் விழிப்பாக இருக்கும். இதை வைத்து 2022-இல் ஒளி ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை தந்தார்கள்: பகலில் கண்ணுக்குக் குறைந்தது 250, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து 10-க்கு மேல் வேண்டாம், தூங்கும் இடத்தில் 1-க்கு மேல் வேண்டாம். இந்த எண்கள் சாதாரண லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடையாது, அந்தச் செல்லின் நீல உணர்வுக்கு ஏற்ப எடை போட்ட லக்ஸ். கையில் உள்ள லக்ஸ் மீட்டர் அதைக் காட்டாது. ஆனால் மஞ்சள் சாய்ந்த விளக்கில் அந்த எடை போட்ட அளவு மீட்டர் காட்டுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே கண் உயரத்தில் மீட்டரை நிமிர்த்திப் பிடித்துச் சின்ன எண் வந்தால் பத்திரமான பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"வார்ம் லைட் போட்டேன், தூக்கத்துக்கு நல்லது" என்று முடித்துவிடுகிறவர்கள் நிறைய. நிறம் பாதிதான், அளவும் இடமும் மிச்சப் பாதி. நன்றாக மஞ்சள் சாய்ந்த 2200 கெல்வின் பல்பைக் கூரையில் முழு வேகத்தில் எரியவிட்டால் அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். சரி, அப்படியானால் முடிந்தவரை மங்கலாக வைத்துவிடலாமா என்றால் அதுவும் கூடாது. வயதாக ஆகக் கண் வில்லை மஞ்சளாகி, பாவையும் சுருங்கி, உள்ளே போகும் ஒளியே குறைகிறது. இருபது வயதுக் கண்ணுக்குத் தாராளமாகத் தெரியும் மங்கல் வெளிச்சத்தில் அம்மாவுக்குத் தரையே தெரியாது. விழுந்துவிடுவது தூக்கம் கெடுவதைவிடப் பெரிய ஆபத்து.

ஆகவே கண்ணுக்கு வேண்டாம், தரைக்கு வேண்டும். எல்இடி பட்டையை அலுமினியச் சட்டத்துக்குள் வைத்துக் கணுக்கால் உயரத்தில், ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி சுவரோரம் பதித்தேன். நின்றாலும் நடந்தாலும் எல்இடி புள்ளி எதுவும் நேராகக் கண்ணில் படாது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அம்மாவை நடக்கச் சொன்னேன், நான் போனில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு பின்னால் போனேன். "தரை நல்லா தெரியுது, நிலைப்படி விளிம்புதான் தெரியல" என்றார். மொத்த வெளிச்சத்தையும் கூட்டினாலும் அந்த விளிம்பு தெரியவில்லை, ஏனென்றால் ஒளி அந்த விளிம்புக்கு இணையாக ஓடியது, நிழலே விழவில்லை. நிலைப்படியின் உதட்டுக்கு அடியில் ஒரு சாண் பட்டையைத் தனியாக ஒட்டியதும் விளிம்பு கோடு போட்ட மாதிரி தெரிந்தது, அதற்கப்புறம் மற்றப் பட்டையைப் பாதியாகக் குறைக்கவும் முடிந்தது. எந்தக் கையேட்டிலும் இது கிடைக்காது, பயன்படுத்தப் போகிறவர் நடந்து பார்த்தால்தான் வரும்.

மின்னணுப் பக்கம் இரண்டு குறிப்பு. பட்டையின் ஒளியைக் குறைப்பது ஈஎஸ்பி32-இன் துடிப்பு வெளியீடு, அதாவது மின்சாரத்தை வேகமாகப் போட்டுப் போட்டு அணைப்பது, இடையில் 3.3 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச். கடையில் எளிதாகக் கிடைக்கும் பல மாஸ்ஃபெட்டுகள் 3.3-இல் அரைகுறையாகத் திறந்து சூடேறும், தரவுத்தாளைப் பார்த்து எடுங்கள். துடிப்பை 4,882 ஹெர்ட்ஸில் வைத்தேன். அந்த வேகத்தில் கண்ணுக்கு மினுக்கல் தெரியாது, 14 பிட், அதாவது 16,384 படிகளும் கிடைக்கும். படிகள் நிறைய வேண்டும், ஏனென்றால் நாம் வேலை செய்வது அடிமட்டத்தில். அந்தப் பலகையில் ஓடும் ஈஎஸ்பிஹோம் மென்பொருள், கண்ணுக்கு வெளிச்சம் சீராக ஏறுவது போலத் தெரிய, தானாகவே 2.8 என்ற காமா திருத்தம் போடுவதால் திரையில் 30 சதவீதம் என்று வைத்தால் பட்டைக்குப் போவது 3.4 சதவீதம் அளவுதான். படிகள் குறைவாக இருந்தால் இந்த இடத்தில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஏறாமல் திக்கித் திக்கி ஏறும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும்.

இப்போது ஸ்விட்ச். தனக்குள்ளேயே ரேடியோ வைத்திருக்கும் ஸ்மார்ட் பல்பை நான் இந்த வீட்டில் மேஜை விளக்குகளைத் தவிர எங்கேயும் போடவில்லை. யாராவது சுவரில் அணைத்தால் பல்பு செத்துவிடும், அப்புறம் தானியங்கி எதுவும் அதனிடம் பேச முடியாது. ஜிக்பீ பல்பாக இருந்தால் அது மற்ற சென்சார்களுக்குச் செய்தி கடத்தும் வேலையையும் செய்துகொண்டிருக்கும், அதுவும் அறுந்துபோகும். உடனே ஸ்விட்சுக்கு மேல் டேப்பை ஒட்டி "தொடாதே" என்று எழுதுகிறார்கள். மனிதர் பழக்கத்தை மாற்றச் சொல்லும் கருவி எனக்கு வேண்டாம்.

அதனால் ஸ்விட்ச் பெட்டிக்குள் ரிலே, அதாவது பையும் இயக்கக்கூடிய மின் ஸ்விட்ச். மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்து, வயரிங் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய வயரிங்கில் ரிலேக்குத் தேவையான நியூட்ரல் வயர் ஸ்விட்ச் பெட்டிக்கு வராமல் இருக்கலாம், எங்கள் வீட்டில் பாதிப் பெட்டிகளில் இல்லை, இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஃபேனுக்கு லைட் டிம்மரை வைக்கவே கூடாது, மோட்டார் உறுமும், சூடாகும். சுவர் ஸ்விட்ச் நேராக ரிலேயின் உள்ளீட்டுக்குப் போகிறது. தட்டினால் ரிலே தானே மாறும், பைக்குத் தகவல் மட்டும் போகும். மேலே கீழே சாயும் பழைய ஸ்விட்சுகளை எடுத்துவிட்டு, தட்டினால் திரும்பி வந்துவிடும் பெல் ஸ்விட்ச் வகையைப் போட்டோம், ஏனென்றால் வீடும் விளக்கைப் போடலாம் என்று ஆனபிறகு ஸ்விட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

விதியைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இப்படி. யாராவது கையால் தட்டினால் அந்த அறைக்கு "கை வைத்தாயிற்று" என்று ஒரு கொடி ஏறும். கொடி ஏறியிருக்கும் வரை அந்த அறையின் எந்தத் தானியங்கி விதியும் ஓடாது. அறை காலியாகிக் கால் மணி நேரம் ஆனபிறகுதான் கொடி இறங்கும். விளக்கின் நிலை மாறியதை மட்டும் வைத்து இதைச் செய்தால் மாற்றியது கையா விதியா என்று குழப்பம் வரும். ஹோம் அசிஸ்டென்ட் ஒவ்வொரு மாற்றத்தோடும் அதை யார் தூண்டினார்கள் என்ற குறிப்பை வைத்திருக்கிறது, அதைப் படித்தும் பிரிக்கலாம். எனக்கு ஸ்விட்ச் உள்ளீட்டின் நிகழ்வையே நேராகக் கேட்பது சுலபமாக இருந்தது. படுக்கையறையில் மேஜை விளக்குக்கு பேட்டரி ஸ்விட்ச் வேண்டியிருந்தது, அங்கே ஜிக்பீ பைண்டிங் போட்டேன். ஸ்விட்சும் விளக்கும் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும், நடுவில் பை தேவையில்லை. எல்லாம் முடிந்ததும் பையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீடு முழுக்க ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டிப் பார்த்தோம். எல்லாம் எரிந்தன, அணைந்தன. புதிதாக எதைச் சேர்த்தாலும் இந்தப் பரிசோதனை உண்டு.

மனைவி அறையின் புழுக்கத்துக்கு வருகிறேன். எஸ்சிடி41 சென்சாரை வைத்துக் கரியமில வாயுவை அளந்தேன். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கிறது. மூடிய அறையில் ஆள் உட்கார்ந்து வேலை செய்தால் ஏறிக்கொண்டே போகும். 1858-இலேயே ஜெர்மன் சுகாதார அறிஞர் மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1,000 பிபிஎம்மைத் தாண்டினால் அறைக் காற்று சரியில்லை என்று வரம்பு சொல்லியிருக்கிறார். அந்த அளவில் கரியமில வாயு விஷம் ஒன்றும் இல்லை, மனிதர் வெளிவிட்ட காற்று அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. மத்தியானம் அந்த அறையில் எண் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "நான் சோம்பேறியாயிட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

எக்ஸாஸ்ட் ஃபேனை 1,000-இல் போட்டு, 1,000-இல் அணைக்கச் சொன்னால் அது எல்லையில் நின்று நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடி ஓடி நிற்கும், அந்தச் சத்தமே வேலையைக் கெடுக்கும். ஆகவே 1,000-இல் போட்டு 750-இல் அணைப்பு. அதுவும் மனைவி போனில் பேசிக்கொண்டிருக்கும்போது சத்தம் கூடாது என்றதால், மேஜையில் ஒரு பொத்தான், தட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஃபேன் வாயைத் திறக்காது. அதற்குப் பதில் ஜன்னல் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு மெதுவாக ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். பார்த்தால் பார்க்கலாம், ஜன்னலைத் திறந்தால் திறக்கலாம்.

இந்த சென்சாரில் கவனிக்க வேண்டிய ஒன்று: தானே அளவு திருத்திக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். ஜன்னலே திறக்காத அறையில் வைத்தால் அது 600-ஐயே 400 என்று நம்பிவிடும், அப்புறம் எல்லா எண்ணும் குறைத்தே காட்டும், காற்று மோசமாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது என்று சொல்லும். அந்த வசதியை அணைத்துவிட்டு, அவ்வப்போது சென்சாரை வெளியே எடுத்துப்போய் நிலைக்கவிட்டு, 420 என்று கையால் திருத்துகிறேன்.

அடுத்தது, இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் பேச்சுவார்த்தை. நாங்கள் எல்லாரும் வெளியே போயிருக்கும் நேரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் தெரிய வேண்டும் என்பது என் கவலை. அப்பாவும் நடைக்குப் போய்விடுவார். கேமரா வைக்கலாமா என்று கேட்டேன்.

"என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கிற வீட்டுல எப்படிடா இருப்பேன்?"

"கேமரா வேண்டாம்மா. அசைவு மட்டும் தெரியற மாதிரி?"

"அது எங்கே போகும்? நான் பாத்ரூம்ல எவ்வளவு நேரம் இருந்தேன்னு நீ ஆபீஸ்ல உட்கார்ந்து பார்ப்பியா?"

கேள்வி நியாயமானது. வயதானவர்களின் பாதுகாப்பு என்று சொல்லி விற்கப்படும் பல அமைப்புகளில் வயதானவருக்கே ஒரு திரையும் கிடையாது, ஒரு பொத்தானும் கிடையாது, எல்லாம் பிள்ளைகளின் போனில்தான். அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசி ஒரு வடிவத்துக்கு வந்தோம். பகலில் வீட்டில் அவர் தனியாக இருக்கும்போது எந்த அறையிலும் வெகுநேரம் அசைவே இல்லை என்றால், முதலில் அவர் பக்கத்தில் ஒரு மெல்லிய மணி அடிக்கும், விளக்கு எரியும். அங்கே ஒரு பெரிய பொத்தான். தட்டினால் விஷயம் அங்கேயே முடிந்தது, யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் தட்டவில்லை என்றால்தான் எங்களுக்குச் செய்தி, அதிலும் "அம்மாவைக் கூப்பிட்டுப் பார்" என்று மட்டும்தான் இருக்கும், எந்த அறை, எவ்வளவு நேரம் என்று எதுவும் இருக்காது. "எவ்வளவு நேரம்" என்ற அந்த அளவையும் அவரே முடிவு செய்தார், மத்தியானத் தூக்கத்துக்கு இடம் விட்டு. வேண்டாம் என்று தோன்றும் நாளில் பொத்தானை நீளமாக அழுத்தினால் அன்றைக்கு முழுக்க அமைப்பே அணைந்துவிடும், அணைந்தது எங்களுக்குத் தெரியவும் தெரியாது. எனக்கு இந்தக் கடைசி விஷயம் ஆரம்பத்தில் உறுத்தியது. ஆனால் அணைக்கவே முடியாத ஒன்றை அவர் சம்மதித்து வைத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாதே.

ஹோம் அசிஸ்டென்ட் எல்லா சென்சாரின் வரலாற்றையும் வழக்கமாகப் பத்து நாள் வைத்திருக்கும். நடைவழி, பாத்ரூம் கதவு, அம்மா அறை ஆகியவற்றின் சென்சார்களைப் பதிவிலிருந்து விலக்கிவிட்டேன். அந்த நொடிக்கு மட்டும் தெரியும், அடுத்த நொடி கிடையாது. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அது வெறுமையாக இருப்பதைக் காட்டினேன்.

போன் சத்தத்துக்கு மகளே யோசனை சொன்னாள். வாஷிங் மெஷின் முடிந்தது, கதவு திறந்திருக்கிறது, பேட்டரி குறைகிறது என்று வீடு அனுப்பும் செய்திகளில் அந்த நொடியே தெரிய வேண்டியது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். நீர்க்கசிவு, புகை, அம்மாவின் மணி. அவ்வளவுதான், இவை மட்டும் போனில் சத்தமாக வரும். மற்றவை காத்திருக்கும். வாஷிங் மெஷினின் பிளக்கில் மின் அளவி இருக்கிறது, 5 வாட்டுக்குக் கீழே இறங்கி மூன்று நிமிடம் நின்றால் துவைத்து முடிந்தது என்று அர்த்தம் (சுழற்சிக்கு நடுவில் ஊறவைக்கும்போதும் இறங்கும், அதனால்தான் மூன்று நிமிடம், உங்கள் மெஷினுக்கு இந்த எண் மாறும், ஒரு சுழற்சியை முழுக்கப் பதிவு செய்து பாருங்கள்). முடிந்ததும் யாருக்கும் செய்தி போகாது. யாராவது தாமாக எழுந்து அந்தப் பக்கம் நடக்கும்போது ஹால் ஓரத்து விளக்கு ஒரே ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும். ஏற்கெனவே எழுந்து நடந்துகொண்டிருப்பவருக்குத் துணியை எடுத்துப் போடுவது பெரிய வேலை இல்லை, படிப்பில் மூழ்கியிருக்கும் பெண்ணை எழுப்பி அதே வேலையைச் சொல்வதுதான் பெரிய தொந்தரவு.

செய்யாமல் விட்டவையும் இந்தக் குறிப்பில் சேர வேண்டும். அப்பாவின் திரைச்சீலைக்கு மோட்டார் போடவில்லை. காலையில் ஜன்னல் ஜன்னலாகப் போய்த் திறப்பது அவருடைய நாளின் தொடக்கம், அதோடு அந்தச் சில நிமிடங்கள் நேரான பகல் வெளிச்சம் அவர் கண்ணில் படுகிறது. மேலே சொன்ன 250 என்ற பகல் அளவை அறைக்குள் விளக்கு போட்டு எட்டுவதற்கு நிறைய விளக்கு வேண்டும், ஜன்னலோரம் அதைவிடப் பல மடங்கு சும்மாவே கிடைக்கும். ஆகவே மோட்டார் போடுவதற்குப் பதிலாக மகளின் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. செடிகளுக்குச் சின்ன பம்பும் மண் ஈர சென்சாரும் வைத்திருக்கிறோம், ஆனால் அது ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும்தான் ஓடும். மற்ற நாட்களில் தண்ணீர் ஊற்றுவது மகள், இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள்தான், அந்த வேலையை எந்த சென்சாரும் செய்யாது.

கடைசியாக, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. எந்தப் பெட்டியில் எந்த ரிலே, எந்த வயர் எதற்கு, ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டுப் பழையபடி சாதாரண ஸ்விட்சாக்குவது எப்படி என்று தமிழில், படம் வரைந்து. நான் இல்லாத நேரத்தில் ஏதாவது கெட்டுப்போனால் எந்த எலெக்ட்ரீஷியனும் அதைப் பார்த்து வேலையை முடிக்கலாம். அதில் ஒவ்வொரு தானியங்கி விதிக்கும் எதிரே அதைக் கேட்டவர் பெயர் இருக்கிறது. கேட்டவருக்கு வேண்டாம் என்றால் அந்த விதி எடுக்கப்படும். சாயங்காலம் ஹாலில் வெள்ளை விளக்குகள் தாமாகவே அணைந்து மஞ்சள் விளக்குகள் எரியும் விதிக்கு எதிரே என் பெயர் மட்டும் இருந்தது. அப்பாவுக்கு அந்த வெளிச்சத்தில் செய்தித்தாள் படிக்க முடியவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வெள்ளை மேஜை விளக்கு வைத்திருக்கிறோம், அதைத் தானியங்கியோடு இணைக்கவில்லை. அது போதுமா என்று இந்த மாதம் முழுக்கப் பயன்படுத்திவிட்டு அவர் சொல்வார், போதாது என்றால் அந்த விதியை எடுத்துவிடுவேன்.